பதினேழாம் நம்பர் பூட்டு

அந்தப் பூட்டுத் தொழிற்சாலையில் அப்பா அம்மா வைத்த பெயரெல்லாம் அடையாள அட்டையோடு சரி. ஃபிட்டிங் பிரிவில் உட்கார்ந்த அன்றைக்கே ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவார்கள். அந்த எண் வெட்டிய சின்ன இரும்பு அச்சு ஒன்று அவரவர் மேசையில் சங்கிலி போட்டுக் கிடக்கும். பூட்டு முடிந்ததும் மூடியின் உள்பக்கம் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. நாளைக்கே எவனாவது பூட்டு திறக்கவில்லை என்று சண்டைக்கு வந்தால், செய்தவன் யார் என்று பூட்டே சொல்லிவிடும். இருபத்தெட்டு வருஷமாகப் பதினேழு, பதினேழு என்று அடித்து அடித்து, நம் ஆளுக்கு அதுவே பெயராகிப் போனது. வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால், "போதும் பதினேழு, கொஞ்சம் வாயை மூடுங்க" என்பாள்.

வாய் அவருக்கு அதிகம்தான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பேச்சில் மனுஷன் கெட்டிக்காரர். மழை பெய்கிறது என்று நீங்கள் சொன்னால், பெய்யவில்லை என்று நிரூபித்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போவார். கேன்டீனில் அவர் டம்ளரைக் கீழே வைத்துத் தொண்டையைச் செருமினால் பக்கத்து மேசைக்காரனும் நாற்காலியைத் திருப்பிக்கொள்வான்.

இப்படிப்பட்டவருக்குச் சரியான தீனி கிடைத்தது, சங்கச் செயலாளர் ஐரோப்பாவுக்குப் போய் வந்தபோது. அங்கிருக்கும் ஏதோ தொழிற்சங்கம் அழைத்து, பத்து நாள் சுற்றிக் காட்டி அனுப்பியது. போகும்போது நம்மைப் போல ஒரு சாதாரண மனிதராகத்தான் போனார். வந்தது வேறு ஆள். எதைக் கேட்டாலும் "அங்கெல்லாம்…" என்றுதான் ஆரம்பம். போனை எடுத்துப் படம் காட்டுவார். பட்டப்பகலில், வேலை நாளில், ஒரு பூங்காவில் ஓர் இளைஞன் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான்.

"இவனுக்கு வேலைவெட்டி இல்லையா?" என்றார் பதினேழு.

"குழந்தை பொறந்திருக்கு அண்ணே. லீவுல இருக்கான். சம்பளத்தோட."

"பெத்தது இவன் பொண்டாட்டிதானே?"

"அவளுக்கும் லீவு."

கேன்டீனே கொல்லென்று சிரித்தது. செயலாளர் அசரவில்லை. மனுஷன் திட்டத்தோடுதான் வந்திருந்தார். நாமெல்லாம் நாட்டை மாற்ற முடியாது, நம் தொழிற்சாலையையாவது மாற்றுவோம் என்றார். நூற்று இருபது பேர். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு நாலு நாள் விடுப்பைப் பொதுவில் போட வேண்டியது. வீட்டில் யாருக்காவது பெரிய நோய், ஆபரேஷன் என்று வந்தால், பொதுவிலிருந்து தொண்ணூறு நாள்வரை எடுத்துக்கொள்ளலாம். வேலையும் போகாது, சம்பளமும் போகாது. நிர்வாகம் யோசித்துவிட்டு, முக்கால்வாசிப் பேர் கை தூக்கினால் கையெழுத்துப் போடுகிறோம், ஒரு கை குறைந்தாலும் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. அதாவது தொண்ணூறு கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேன்டீனில் கூட்டம். ஆதரித்துச் செயலாளர் பேசுவார். எதிர்த்து? வேறு யார், பதினேழுதான்.

இந்தத் திட்டம் எப்போதோ யாருக்கோ பயன்படப் போகிற விஷயமாக இருந்தால் எல்லோரும் சும்மா கையைத் தூக்கியிருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், முதலில் யாருக்குப் பயன்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மிளகாய்க்கு.

மிளகாய், பேக்கிங்கில் கடைசி மேசை. பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு பூட்டையும் சரிபார்ப்பது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மயிரளவு கீறல் இருந்தால்கூடத் திருப்பி அனுப்புவாள். திருப்பி அனுப்பினால் பரவாயில்லை, கூடவே ஒரு வார்த்தையும் அனுப்புவாள். அந்த வார்த்தையின் காரத்துக்குத்தான் அவளுக்கு அந்தப் பெயர்; அதை வாங்காதவர் அங்கே யாரும் கிடையாது. யாரிடமும் சிரித்துப் பேச மாட்டாள், யார் வீட்டு விசேஷத்துக்கும் போக மாட்டாள். வீட்டில் அவளும் ஒன்பது வயதுப் பெண் குழந்தையும் மட்டும். அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இடுப்பு எலும்பு சரியில்லை, சாய்ந்து சாய்ந்து நடக்கும். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். முடிந்ததும் மார்பிலிருந்து முழங்கால்வரை கட்டுப் போட்டுப் பத்து வாரம் படுக்கையில். திரும்பிப் படுக்கக்கூட ஒரு கை வேண்டும். வேறு ஆள் இல்லை. விடுப்புக் கேட்டாள், இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எலும்பு முற்றிவிடும், அப்புறம் சரிசெய்வது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அவளுக்காகவா என் நாலு நாளைக் குடுக்கணும்? போன வாரம் என்னைப் பாத்து, கண்ணு வீட்டுல வெச்சுட்டு வந்தியான்னு கேட்டவளுக்கா?" என்றார் பாலிஷ்காரர். நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

பதினேழு அப்படிச் சின்னத்தனமாகப் பேசுகிறவர் இல்லை. அவருடைய எதிர்ப்பு கொள்கை எதிர்ப்பு.

"தம்பி, நான் அந்தப் பொண்ணைப் பத்திப் பேசல. அந்த ஊர் சட்டை நமக்கு அளவு சேராதுன்னு சொல்றேன். அங்க ஆளு கம்மி, வரி ஜாஸ்தி. புள்ளை அப்பனைப் பாக்கறதில்ல, அதனால அரசாங்கம் பாக்குது. பக்கத்து வீட்டுக்காரன் செத்தாக்கூட நாத்தம் வந்தப்புறம்தான் தெரியுமாம். நமக்கு அப்படியா? நமக்கு மனுஷங்க இருக்காங்க."

"மனுஷங்க இருக்கட்டும் அண்ணே. சட்டமும் இருந்தா என்ன?" என்றார் செயலாளர். "அவங்க மட்டும் பொறக்கும்போதே இப்படியா பொறந்தாங்க? அவங்களும் ஒரு காலத்துல இதே மாதிரி கேன்டீன்ல உக்காந்து சண்டை போட்டவங்கதான்."

"சட்டம்னு வந்துட்டா நம்ம ஆளு என்ன பண்ணுவான் தெரியுமா? மாமியாருக்கு இருமல்னு எழுதிக் குடுத்துட்டு மச்சினன் கல்யாணத்துக்குப் போவான். ஏமாத்துவான் தம்பி. நம்ம ஆளை எனக்குத் தெரியாதா?" என்றவர், எப்போதும் போல அந்தக் கதைக்கு வந்தார். "என்னையே எடுத்துக்கோ. ஆறு வருஷத்துக்கு முன்னாடி என் சம்சாரம் வயித்துல கட்டியோட நாலு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தா. நான் லீவு கேட்டேனா? யார்கிட்டயாவது கையேந்தினேனா? ராத்திரி ஆஸ்பத்திரி, பகல்ல பூட்டு. ஒரு நாளைக்கு நாப்பது பூட்டு, ஒண்ணு குறையல. எப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியாது. கை தானா வேலை செஞ்சுது."

இதைச் சொல்லும்போது சுற்றியிருந்த ஃபிட்டர்கள் எல்லோரும் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாதையில் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார்.

புதன்கிழமை அவருக்குப் பழுது பார்க்கும் மேசையில் முறை. வெளியே விற்ற பூட்டுகள், சாவி உடைந்தது, உள்ளே துரு ஏறியது என்று திரும்பி வரும். எட்டோ ஒன்பதோ பிரித்திருப்பார். அடுத்த பூட்டின் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே பதினேழு. அட, நம்ம பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் அடித்திருந்த மாத, வருஷக் குறியைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முந்தியது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாவது மாதம்.

லீவர்த் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கடியில் வைத்தார். சாவி சரியாக உட்காருவதற்காக அந்தத் தகடுகளின் விளிம்பை அரத்தால் அராவுவார்கள். அந்த அரக் கோடு இருக்கிறதே, அது கையெழுத்து மாதிரி. அவருடைய கோடு மேலிருந்து வலப்பக்கம் சாயும். இந்தத் தகடுகளில் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தகட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் இடப்பக்கம்தான். ஃபிட்டிங் பிரிவிலேயே இடக்கையால் அராவுகிறவன் ஒரே ஒருத்தன். பக்கத்து மேசை இருபத்தொன்று.

தகட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நீட்டினார். "இது யார் செஞ்சது?"

இருபத்தொன்று எட்டிப் பார்த்தான். எண்ணைப் பார்த்தான், மாதத்தைப் பார்த்தான். திருடன் மாட்டிக்கொண்டது போல ஓர் அசட்டுச் சிரிப்பு. "ஆறு வருஷம் கழிச்சா அண்ணே மாட்டணும்?"

"என் அச்சை எடுத்து நீ அடிச்சியா?"

"நான் மட்டுமா? ஒன்பது பேர் அண்ணே. ஆளுக்கு நாலு அஞ்சு. எங்க நாப்பதையும் முடிச்சுட்டு, உங்க தட்டுல போடுவோம். நீங்க பத்து மணிக்கு வருவீங்க. வந்து ஒரு பூட்டைப் பிரிச்சு வெச்சுட்டு அப்படியே தூங்கிடுவீங்க. உக்காந்த வாக்குல, அரத்தைக் கையில புடிச்சுக்கிட்டே. சாயங்காலம் தட்டு நெறஞ்சிருக்கும். பரவாயில்லையே, முடிஞ்சிருச்சேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவீங்க. எங்களுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க வாங்கியிருப்பீங்களா?"

தகட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். நடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். மீதி நாள் முழுக்க ஒரு பூட்டைக்கூடப் பிரிக்கவில்லை. ஆறு வருஷமாகக் கேன்டீனில் மார்தட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து முகம் எரிந்தது. அந்த ஒன்பது பேரும் அத்தனை தடவையும் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட, வாயைத் திறக்கவில்லையே!

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மடிப்பை நிறுத்தக்கூட இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். இருபத்தொண்ணோட சம்சாரம் என்னைப் பாக்க வந்தப்பவே சொன்னா."

"நீயுமா? கூடச் சேந்துக்கிட்டு என்னை முட்டாளாக்கினீங்களா?"

"ஆமா, ஆக்கினோம்." சட்டையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தினமும் காலையில எனக்குத் தலை வாரி விட்டுட்டுத்தான் நீங்க வேலைக்குக் கிளம்பினீங்க. நர்ஸு வாரி விடறேன்னா விட மாட்டீங்க. சிக்கு எடுக்கத் தெரியாம முடியைப் பாதி பிச்சுட்டீங்க, அது வேற கதை. ஆனா அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் பொழைச்சு எழுந்தேன். அதை எனக்கு அந்த ஒன்பது பேரும் குடுத்தாங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

பதினேழு மூக்கை உறிஞ்சினார். வாதம் செய்யும் புத்தி அந்த நேரத்திலும் அவரை விடவில்லை. "அப்ப நான் சொன்னதுதானே சரி? சட்டமா போட்டாங்க? மனுஷங்க செஞ்சாங்க. ஐரோப்பாவும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு இதையே நான் மேடையில சொல்லுவேன்."

"சொல்லுங்க. தாராளமா சொல்லுங்க. உங்களை எல்லாருக்கும் பிடிக்கும். அதனால செஞ்சாங்க. மிளகாயோட அம்மாவுக்கு முடியாமப் போனப்ப யாரு அவ மேசையில போய் உக்காந்தாங்க?"

அவர் மடித்த துணி ஒன்றை எடுத்து மறுபடி மடித்தார்.

"நீங்கதானே அன்னிக்கு வந்து சொன்னீங்க. அம்மா போயிட்டாங்கன்னு போன் வந்துச்சாம், கையில இருந்த பெட்டியை ஒட்டி முடிச்சுட்டுத்தான் எழுந்து போனாளாம். அழக்கூட இல்ல பாரு, கல்லு மனசுன்னு நீங்கதான் சொன்னீங்க." அவள் குரல் மெதுவாக இருந்தது. "ஒரு வாரம் லீவு கேட்டிருந்தா அந்தப் பொண்ணு. கிடைக்கல. ஒரு ஆள் அவ எடத்துல உக்காந்திருந்தா, அவங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பா. பிடிச்சவங்களுக்கு மனுஷங்க செய்வாங்க. பிடிக்காதவங்களுக்கு யாருங்க செய்யறது?"

வெள்ளிக்கிழமை கேன்டீன் நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். மிளகாய் எல்லோருக்கும் பின்னால், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செயலாளர் கால் மணி நேரம் பேசினார். 'அங்கெல்லாம்' என்று ஏழு தடவை சொன்னார், கடைசி இரண்டு தடவையும் கூட்டமே சேர்ந்து சொன்னது. பிறகு பதினேழைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு நல்ல வேடிக்கை இருக்கிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பதினேழு எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ஆனால் பேச்சு வழக்கம் போல வரவில்லை.

"நான் எதுக்க வந்தேன். நம்ம ஆளுங்க ஏமாத்துவாங்கன்னு சொல்ல வந்தேன். அது உண்மைதான். ஏமாத்தினாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, நாலு மாசம், ஒன்பது பேர் சேந்து இந்தக் கம்பெனியை ஏமாத்தினாங்க. என்னையும் ஏமாத்தினாங்க. என் நம்பர் அடிச்ச பூட்டு எதையும் அந்த நாலு மாசத்துல நான் செய்யல." இருபத்தொன்று தலையைக் குனிந்துகொண்டான். "அதனால என் சம்சாரம் இன்னிக்கு வீட்டுல இருக்கா. என்னை உங்களுக்குப் பிடிச்சிருந்தது, செஞ்சீங்க. பிடிக்கலைன்னா? அவ செத்திருந்தாலும் நான் இங்க உக்காந்து பூட்டுதான் அராவியிருப்பேன். நம்மள்ல ஒருத்தருக்கு அப்படி நடந்திருக்கு. அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய் அவங்களைக் கல்லு மனசுன்னு சொன்னேன். என் நாக்கை அறுக்கணும். ஐரோப்பா நமக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கு வீட்டுல ஆபத்துன்னா, அவரை நமக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு யாரும் பாக்கக் கூடாது. அவ்வளவுதான். நான் கை தூக்கறேன்."

அவர் உட்கார்ந்தபோது யாரும் கைதட்டவில்லை. பாலிஷ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, ஆதரிக்கிறவர்கள் தூக்கலாம் என்றார். கைகள் எழுந்தன. பாலிஷ்காரர் கொஞ்ச நேரம் யோசித்து, காது குடைகிறவர் போல ஆரம்பித்து, பிறகு நேராகவே தூக்கிவிட்டார். செயலாளர் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். முகம் சுருங்கியது. யாரும் கையை இறக்காதீங்க என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி எண்ணினார்.

"எண்பத்தொன்பது" என்றார்.

பதினேழு திரும்பிப் பார்த்தார். சுவரோரம் ஒரு வரிசை, தூக்கிய கைகள். தூக்காதவர்கள் முப்பது பேர் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், குழாய்ப் பக்கம், கட்டிய கை கட்டியபடியே மிளகாய்.

ஒரு கையைத் தூக்கியபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனார். "நீ தூக்கலையாம்மா?"

"எனக்கு நானே போட்டுக்கவா?" அவள் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் சேந்து எனக்குப் பிச்சை போடறாங்க. தட்டையும் நானே நீட்டணுமா? என் புள்ளையை நான் பாத்துக்கறேன். நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

நூற்று இருபது பேருக்கும் கேட்டது. பதினேழுக்கு அந்தப் பேச்சு வார்த்தைக்கு வார்த்தை தெரிந்த பேச்சு. அதற்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது என்பதும் தெரியும்.

"நீ கேக்க வேணாம். நான் கேக்கறேன்" என்றார். "நாளைக்கு என் சம்சாரத்துக்கு மறுபடியும் அந்தக் கட்டி வரலாம். டாக்டர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதைத்தான் பாக்கறார். இந்தத் தடவை எனக்குத் தூங்கிட்டே பூட்டு செய்ய வராது. இன்னும் ஒரு கை வேணும்மா. எனக்காகத் தூக்கு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. அவள் அப்போதுதான் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள், பூட்டில் கீறல் தேடுகிறவள் மாதிரி.

"அந்த நாலு மாசம் உங்க பூட்டு ஒண்ணைக்கூட நான் திருப்பி அனுப்பல" என்றாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியாம? திடீர்னு எல்லாம் நல்லா இருந்துச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு கேன்டீன் மொத்தமும் சிரித்தது, பதினேழும் அழுகையோடு சேர்த்துச் சிரித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் கட்டிய கையைப் பிரித்தாள். வலக்கை தோள்வரை எழுந்து, அங்கே ஒரு கணம் தயங்கி, பிறகு தலைக்கு மேலே போனது.

"தொண்ணூறு!" என்று செயலாளர் கத்தினார், பெஞ்சிலிருந்து விழாத குறை. நாற்காலிகள் இழுபட்டன. ஆட்கள் கையை இறக்கி, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பாலிஷ்காரர் செயலாளரிடம் போய், அங்கே மச்சினன் கல்யாணத்துக்கு எத்தனை நாள் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மிளகாய் மட்டும் அப்படியே நின்றாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். பதினேழு அவள் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"எறக்கிக்கம்மா" என்றார். "எண்ணிட்டாங்க."